நகரப் பயணத்துக்கு ஒரு சோலார் மின்வண்டி: வடிவமைப்பிலிருந்து அன்றாட ஓட்டம் வரை

பின்னணி

வேலைக்குப் போய் வர தினமும் 20 முதல் 25 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்காக, இரண்டு பேர் உட்காரும் மூடிய மின்வண்டி ஒன்றைக் குறைந்த செலவில் செய்ய ஒரு சிறிய பொறியியல் குழு முனைந்தது. நான்கு சக்கரம், அதிகபட்ச வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர், கூரையில் சோலார் பேனல். அந்தக் குழுவில் அளவீடுகளையும் பதிவுகளையும் நான் பார்த்துக்கொண்டேன். ஆட்களின் பெயரையும் ஊரையும் இங்கே தவிர்த்திருக்கிறேன்.

எதற்காகக் கூரையில் பேனல் என்ற கேள்வி முதல் கூட்டத்திலேயே வந்தது. அதே பேனலை ஒரு கட்டடத்தின் மேல் சரியான சாய்வில் வைத்தால் அதிக மின்சாரம் கிடைக்கும், வண்டிக்குச் சுமையும் இல்லை. இது முழுக்க நியாயமான வாதம். ஆனால் குழு மனதில் வைத்திருந்தவர் வேறு ஒருவர். மாடிவீட்டில் வாடகைக்கு இருப்பவர், வண்டியைத் தெருவோரம் நிறுத்துபவர். ராத்திரி சார்ஜ் போட அவருக்கு ஒரு பிளக் பாயின்ட் கிடையாது, கட்டடத்தின் மேல் பேனல் வைக்க அனுமதியும் கிடையாது. மின்வண்டிப் பேச்சில் பெரும்பாலும் விட்டுப்போகிறவர் அவர்தான். அவரைப் பிளக்கின் பக்கம் அடிக்கடி போகாமல் ஓட வைக்க முடியுமா என்பதே இந்த வேலையின் நோக்கம்.

சோலார் கார் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பந்தய வண்டி. 1987-இல் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை நடந்த முதல் வேர்ல்ட் சோலார் சேலஞ்சில் ஜெனரல் மோட்டார்ஸின் சன்ரேசர் சராசரியாக மணிக்கு ஏறத்தாழ 67 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி வென்றது. திறந்த வெளியில், நின்று நின்று போகாமல், ஒரே ஒருவரைச் சுமந்து ஓடிய வண்டி அது. நகரத்தில் இந்த மூன்றுமே கிடைக்காது. பொதுப் பயன்பாட்டுக்கான முயற்சிகளும் சுலபமாக முடியவில்லை. 2023-இன் தொடக்கத்தில் ஐரோப்பாவில் லைட்இயர் நிறுவனம் தன் முதல் சோலார் காரின் உற்பத்தியை நிறுத்தியது. அடுத்த மாதமே சோனோ மோட்டார்ஸ் தன் சயான் காரைக் கைவிட்டது. இவற்றையெல்லாம் படித்துவிட்டுத்தான் குழு தொடங்கியது. கார் அளவுக்குப் போகாமல், எடையையும் வேகத்தையும் ஆரம்பத்திலேயே குறைத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

தாளில் போட்ட கணக்கு

பேட்டரியோடு சேர்த்து வண்டி 320 கிலோ, இரண்டு பேர் ஏறினால் 460 கிலோ. டயர் உருளும்போது ஏற்படும் தடையைத் தாண்ட ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 15 வாட்-மணி வேண்டும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுத் தடைக்குச் சுமார் 12. நகரத்தில் நின்று நின்று போவதால் வீணாகும் ஆற்றல், பிரேக் பிடிக்கும்போது திரும்பப் பெறுவதைக் கழித்தாலும், இன்னொரு 12 வரும். மோட்டாரிலும் கியரிலும் கன்ட்ரோலரிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 50 வாட்-மணி.

கூரையில் செல்கள் வைக்கக் கிடைத்த இடம் 1.5 சதுர மீட்டர். 21 சதவீதத் திறனுள்ள செல்கள் என்றால் 320 வாட். இந்த 320 என்பது செல்லின் வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது, சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சத்தில் ஆய்வகத்தில் அளப்பது. வெயிலில் நிற்கும் கூரையில் செல் 60 டிகிரியைத் தாண்டும். அதிலேயே எட்டில் ஒரு பங்கு போய்விடும். தூசி, படுத்த நிலை, மின்மாற்ற இழப்பு எல்லாவற்றையும் கழித்தால், நல்ல வெயில் நாளில் 1200 வாட்-மணி வரும் என்று கணக்கிட்டார்கள். அதாவது 24 கிலோமீட்டர். போய் வரும் தூரத்துக்குச் சரியாகப் பொருந்தியது.

இந்தப் பொருத்தம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் இது நாள் முழுவதும் வெட்டவெளியில் நிற்கும் வண்டியின் கணக்கு.

முதல் வடிவத்தின் முடிவுகள்

மலிவு என்பதால் ஈய-அமில பேட்டரி முதலில் பேச்சில் இருந்தது. 48 வோல்ட், 100 ஆம்பியர்-மணி அளவுக்கு அது ஏறத்தாழ 120 கிலோ வரும். எடையைவிட முக்கியமான இன்னொரு காரணமும் இருந்தது. ஈய-அமில பேட்டரியை அடிக்கடி முழுதாக நிரப்ப வேண்டும். பாதி நிரம்பிய நிலையிலேயே நாள்கணக்கில் இருந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டிப்படும், கொள்ளளவு சுருங்கும். கூரை பேனலோ கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றும், பேட்டரி பெரும்பாலான நாள் பாதியில்தான் நிற்கும். சோலார் வண்டிக்கு இதைவிடப் பொருந்தாத பேட்டரி இல்லை என்றே சொல்வேன். வாங்கும்போது மிச்சமாகும் பணம் அடுத்தடுத்து பேட்டரி மாற்றுவதில் போய்விடும்.

அதனால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியைத் தேர்ந்தார்கள். 16 செல்கள் தொடராக, 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி, மொத்தம் 5.1 யூனிட் (ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி). பெட்டியோடு 45 கிலோவுக்குள் முடிந்தது. பாதி நிரம்பி நிற்பதால் இதற்குக் கெடுதல் இல்லை. வெப்பத்தைத் தாங்குவதிலும் நிக்கல் சேர்ந்த வகைகளைவிடப் பாதுகாப்பானது, கோபால்ட்டும் தேவையில்லை. ‘வெயில் தினமும் ஏற்றத்தானே போகிறது, பாதி அளவு பேட்டரி போதாதா’ என்று ஒருவர் கேட்டார். செலவில் பேட்டரிதான் பெரிய பங்கு என்பதால் கேள்வியில் அர்த்தம் இருந்தது. ஆனால் நான்கைந்து நாள் மூட்டமாக இருந்தால் வண்டி நின்றுவிடக் கூடாது என்பதால் 5.1 யூனிட்டே நிலைத்தது.

மோட்டாரில் அதிக விவாதம் இல்லை. சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டார் எளிமையானது, ஆனால் மேட்டில் மெதுவாக ஏறும்போது சூடாகிறது. கியரோடு கூடிய ஒற்றை 4 கிலோவாட் மோட்டார் போடப்பட்டது.

பேனலுக்கு வளையும் வகையை எடுத்தார்கள். மொத்தமே 5 கிலோ. கூரைத் தகட்டோடு ஒட்டிவிடலாம், சட்டம் வேண்டாம். பாதியாக வெட்டிய 120 செல்களையும் ஒரே தொடராக இணைத்து, மின்னழுத்தத்தைக் குறைத்து ஏற்றும் வகையைச் சேர்ந்த, கடையில் தயாராகக் கிடைக்கும் எம்.பி.பி.டி கன்ட்ரோலர் (பேனலிலிருந்து முடிந்த அளவு அதிக மின்சாரத்தை எடுத்து பேட்டரிக்கு ஏற்றும் கருவி) ஒன்றில் கொடுத்தார்கள். விலை குறைவு, வயரிங் சுலபம்.

சாலையில் கண்டவை

சில வண்டிகள் வெவ்வேறு வகைப் பயணிகளிடம் அன்றாட ஓட்டத்துக்குக் கொடுக்கப்பட்டன. பேனலிலிருந்து வருவதையும், பேட்டரியிலிருந்து போவதையும், பிளக்கில் ஏற்றுவதையும் தனித்தனியாகப் பதிவு செய்யும் கருவி ஒவ்வொன்றிலும் இருந்தது.

முதல் மாதங்களில், வெயில் நன்றாக இருந்த நாள்களிலேயே பேனல் தந்தது சராசரியாக 450 வாட்-மணி. எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. அதோடு, வண்டி கிலோமீட்டருக்கு 50-க்குப் பதில் 63 வாட்-மணி தின்றது.

இரண்டாவதற்குக் காரணம் சீக்கிரம் பிடிபட்டது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றினோம். தானாக ஐந்தாறு சுற்று ஓட வேண்டிய சக்கரம் அரைச் சுற்றிலேயே நின்றது. டிஸ்க்கை விட்டு விலகாமல் பிரேக் பேட் எப்போதும் லேசாக உரசிக்கொண்டிருந்தது. டயர்களில் காற்றும் குறைவு. இவ்வளவு சிறிய வண்டியில் இந்த உரசல் பெரிய பங்கு. இரண்டையும் சரிசெய்ததும் 54-க்கு இறங்கியது. பேனலில் ஒரு வாட்கூடக் கூட்டாமல், ஒவ்வொரு யூனிட்டுக்கும் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் கூடுதல் ஓட்டம் கிடைத்தது.

பேனல் குறைவாகத் தந்ததற்கு ஒன்றல்ல, பல காரணங்கள் பின்னிக் கிடந்தன.

முதலாவது, வயரிங். நடுப்பகல் வெயிலில் நின்ற ஒரு வண்டியின் கூரையில் மூலையில் இருந்த ஒற்றைச் செல்லின் மேல் குழுவில் ஒருவர் உள்ளங்கையை வைத்தார். 240 வாட் காட்டிய மீட்டர் சுழிக்கு வந்தது. கையை எடுத்ததும் சில நொடிகளில் மறுபடி ஏறியது. 120 செல்களில் ஒன்றை மறைத்தால் மொத்தமும் ஏன் நிற்க வேண்டும்? தொடரில் இருக்கும் செல்லை மறைத்தால், அது மின்னோட்டத்தைத் தடுக்காமல் இருக்க, பைபாஸ் டையோடு என்ற பாகம் அந்த 20 செல் கொண்ட குழுவையே தாண்டிப் போக வழிவிடுகிறது. அதனால் அந்தக் குழுவின் 10 வோல்ட் சொச்சம் குறைகிறது. 66 வோல்ட் என்று வாங்கிய பேனல், ஒட்டிய கூரையில் 70 டிகிரிக்குச் சூடாகி ஏற்கெனவே 57 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. இன்னொரு 10 வோல்ட் போனால் 47. பேட்டரியோ 53-க்கு மேல். மின்னழுத்தத்தைக் குறைத்து ஏற்றும் கன்ட்ரோலருக்கு, பேனலின் வோல்ட் பேட்டரியைவிடக் கூடுதலாக இருந்தாக வேண்டும். அது நின்றுவிட்டது. ஒரு விளக்குக் கம்பத்தின் நிழல், ஒட்டிக்கொண்ட ஓர் இலை, பறவை எச்சம், எதுவானாலும் இதே கதை.

இரண்டாவது, சும்மா நிற்கும்போது போகும் மின்சாரம். பேனல் ஏற்ற வேண்டுமானால் பேட்டரியின் மெயின் காண்டாக்டர் (பேட்டரியை வண்டியோடு இணைக்கும் பெரிய சுவிட்ச்) மூடியிருக்க வேண்டும் என்பது முதல் வடிவத்தின் அமைப்பு. அதன் சுருளுக்கு 6 வாட், பேட்டரி மின்சாரத்தை 12 வோல்ட்டாக்கும் மாற்றிக்கு 4, திரைக்கும் இருப்பிடம் காட்டும் கருவிக்கும் 3, ஆக 13 வாட். பார்க்க அற்பமான அளவு. 24 மணி நேரம் நிற்காமல் போனால் அது 310 வாட்-மணி. பேனல் தந்த 450-இல் 310 வண்டி விழித்திருக்கவே செலவானது. மிஞ்சிய 140-இல் மூன்று கிலோமீட்டர்கூட ஓட முடியாது. கூரையை இன்னும் பெரிதாக்கலாம், நிறுத்தும்போது விரியும் இறக்கைப் பேனல் வைக்கலாம் என்றெல்லாம் அதுவரை நடந்த பேச்சு இந்த ஒரு அளவீட்டோடு நின்றது.

மூன்றாவது, எங்கே நிறுத்துகிறார்கள் என்பது. பதிவுகளைப் பார்த்தபோது சிலர் திறந்த இடம் இருந்தும் மரத்தடியிலேயே நிறுத்துவது தெரிந்தது. பயன்படுத்திய ஒருவர் குழுவிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: “வெயில்ல விட்டா சாயங்காலம் உள்ள உட்கார முடியலீங்க. நிழல்ல விட்டா சார்ஜ் ஏறலீங்க. நான் எதைப் பார்க்கட்டும்?” அவர் மேல் குறை சொல்ல எதுவுமே இல்லை. சூடான வண்டியில் ஏற யாருக்கும் பிடிக்காது. வெயிலைத் தேடும் பேனலும் நிழலைத் தேடும் மனிதரும் ஒரே வண்டியில் இருக்கிறார்கள் என்பதை வடிவமைப்பு கணக்கில் எடுக்கவில்லை.

நான்காவது விஷயம் பேட்டரி மீட்டர். 30 சதவீதம் இருப்பதாகக் காட்டிக்கொண்டே ஒரு வண்டி சாலையில் நின்றுவிட்டது. ஓட்டுநருக்கு ஆபத்து ஏதும் இல்லை, ஆனால் நம்பிக்கை போயிற்று. இரும்பு பாஸ்பேட் செல்லின் வோல்ட், பேட்டரி காலியாவதற்குக் கொஞ்சம் முன்பு வரை பெரிதாக மாறுவதில்லை. அதனால் வோல்ட்டை வைத்து மீதியைச் சொல்ல முடியாது. உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் கூட்டிக் கழித்துத்தான் சொல்ல வேண்டும். அதை அளக்க வைத்திருந்தது நூற்றுக்கணக்கான ஆம்பியருக்கான ஹால் சென்சார் (காந்தப்புலத்தை வைத்து மின்னோட்டத்தை அளப்பது). காலை நேரப் பேனலின் ஒரு ஆம்பியரும், நிற்கும்போது போகும் கால் ஆம்பியரும் அதன் பிழை எல்லைக்குள்ளேயே மறைந்துவிடும். பிளக்கில் முழுதாக ஏற்றும் வண்டியில் ஒவ்வொரு முறை நிரம்பும்போதும் கணக்கு 100-க்குத் திருத்தப்படும். வெயிலில் அரைகுறையாக ஏறும் வண்டிக்கு அந்த வாய்ப்பே வரவில்லை. நாள்கணக்கில் பிழை சேர்ந்தது.

இவை போக, ஒட்டிய பேனல்கள் சிலவற்றில் செல்கள் விரிசல் விட்டிருந்தன. கண்ணுக்குத் தெரியவில்லை, வெப்பக் கேமராவில் பளிச்சென்று தெரிந்தது. கூரைத் தகடு அதிரும்போது செல்லும் சேர்ந்து வளைந்ததுதான் காரணம்.

இரண்டாம் கட்ட முடிவுகள்

பேனலின் அளவு கூட்டப்படவில்லை. அதே 1.5 சதுர மீட்டர்தான். மாறியவை வேறு.

பேனலை மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மின்னழுத்தத்தை உயர்த்தி ஏற்றும் தனி எம்.பி.பி.டி கொடுத்தார்கள். இப்போது ஒரு செல்லை மறைத்தால் 240 வாட் 200-க்கு இறங்கும், அவ்வளவுதான். மூன்று சிறிய கன்ட்ரோலர்களுக்குச் செலவு கொஞ்சம் கூடியது. முழு வடிவத்திலும் கேட்டவுடன் எல்லோரும் ஒப்புக்கொண்ட செலவு இது ஒன்றுதான்.

பேனலிலிருந்து பேட்டரிக்குத் தனி ஃப்யூஸோடு ஒரு சிறிய பாதை போடப்பட்டது. காண்டாக்டருக்குப் பதில் மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச். வண்டி நிற்கும்போது மெயின் காண்டாக்டர், 12 வோல்ட் மாற்றி, திரை எல்லாம் அணைந்துவிடும். பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ் சர்க்யூட் மட்டும் குறைந்த மின்சாரத்தில் விழித்திருந்து, செல்லின் வோல்ட்டோ வெப்பமோ எல்லை மீறினால் இந்தப் பாதையை வெட்டும். பாதுகாப்பு தொடர்பான மாற்றம் என்பதால் இதற்குத்தான் அதிக நேரம் செலவானது, அது சரியான செலவு. 13 வாட் ஏறத்தாழ 1 வாட் ஆனது.

வளையும் பேனலை எடுத்துவிட்டு, மெல்லிய கண்ணாடிப் பேனலைச் சட்டத்தில் பொருத்தி, ரப்பர் புஷ் வைத்துக் கூரைக்கு மேல் நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்தினார்கள். எடை 12 கிலோ கூடியது. உச்சியில் சுமை ஏறுவதை ஒருவர் கடுமையாக எதிர்த்தார். பேட்டரியை இருக்கைக்குக் கீழே இன்னும் தாழ்த்திய பிறகுதான் ஒப்புக்கொண்டார். இடையில் காற்று ஓடுவதால் செல்லின் வெப்பம் 10 டிகிரிக்கு மேல் குறைந்தது. அதைவிட முக்கியமான பலன் உள்ளே கிடைத்தது. பேனலே கூரைக்குக் குடையாகிவிட்டது. கூடவே பேனலிலிருந்து மட்டும் ஓடும் 8 வாட் மின்விசிறி ஒன்று, வண்டி வெயிலில் நிற்கும்போது உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளும்.

இந்த விசிறிக்கு எதிர்ப்பு வந்தது. நாளைக்கு 50 வாட்-மணி, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஓட்டம், அதற்குப் போகிறது. ஆனால் விசிறி இருந்தால் வெயிலில் நிறுத்த மனம் வரும், அப்படி நிறுத்தினால் 300 வாட்-மணிக்கு மேல் கூடும் என்று கணக்குக் காட்டியதும் விவாதம் முடிந்தது.

மீட்டருக்கு ஹால் சென்சாரை எடுத்துவிட்டு, சிறிய மின்னோட்டத்தையும் துல்லியமாக அளக்கும் ஷன்ட் என்ற மின்தடையைப் போட்டார்கள். நீண்ட நாள் முழுதாக நிரம்பாத வண்டிக்கு, ‘ஒருமுறை பிளக்கில் முழுதாக ஏற்றவும்’ என்று திரையில் வரும். செல்களைச் சமப்படுத்துவதும் நிரம்பும் நேரத்தில்தான் நடக்கிறது என்பதால் இதைத் தவிர்க்க வழியில்லை.

தொடர்ந்து நடந்தது

மாற்றிய வண்டிகளில், வெயில் நன்றாக அடித்த மாதங்களின் பதிவு இப்படி அமைந்தது. பெரும்பாலும் திறந்த வெளியில் நிற்கும் வண்டிக்கு, நிற்கும் செலவு போக, நாளுக்கு ஏறத்தாழ 900 வாட்-மணி. வாரத்தில் ஐந்து நாள், தினமும் 22 கிலோமீட்டர் ஓட 5900 வாட்-மணி வேண்டும். ஏழு நாள் வெயில் 6300 தருகிறது. விடுமுறை நாளில் ஓடாமல் நிற்கும்போது பேட்டரி நிரம்பிவிடுகிறது, மீட்டரும் தானாகத் திருந்துகிறது. இவர்களுக்குப் பிளக் கிட்டத்தட்டத் தேவைப்படவில்லை. பாதி நாள் நிழலில் நிற்கும் வண்டிக்கு மூன்றில் இரண்டு பங்கு வெயிலிலிருந்து வந்தது, வாரம் ஒருமுறை 2 யூனிட் ஏற்றினால் போதும். தரைக்குக் கீழுள்ள நிறுத்துமிடத்தில் நிற்கும் வண்டிக்குப் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. மூட்டமான மாதங்களில் திறந்த வெளி வண்டிக்கே மூன்றில் ஒரு பங்குதான்.

தரைக்குக் கீழே நிறுத்துகிறவர்களில் ஒருவர் பேனல் இல்லாத வண்டியைக் கேட்டு மாற்றிக்கொண்டார். குழு தடை சொல்லவில்லை. எடையும் குறைந்தது, அவருக்குச் செலவும் குறைந்தது.

யாருக்காகத் தொடங்கப்பட்டதோ, அந்தத் தெருவோரம் நிறுத்துபவருக்குக் கிடைத்தது நடுத்தரமான விடை. தெருவில் கட்டடங்களின் நிழல் அதிகம், அவருக்கு வாரம் ஒரு பிளக் தேவைப்படுகிறது. ஆனால் தினமும் ராத்திரி பிளக் வேண்டும் என்பதற்கும், வாரம் ஒருநாள் வேலையிடத்திலோ உறவினர் வீட்டிலோ சில மணி நேரம் ஏற்றினால் போதும் என்பதற்கும் இடையே, மின்வண்டி வாங்கலாமா வேண்டாமா என்கிற அளவுக்கு வித்தியாசம் இருக்கிறது. அப்படி வாங்கியவர்களைப் பார்த்திருப்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

அடுத்த வடிவத்தில் மாற வேண்டியவை

வண்டியைக் கொடுக்கும் முன்பே, நிறுத்துமிடத்தில் ஒரு சிறிய பேனலும் மீட்டரும் வைத்து ஒரு வாரம் அளக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் பேனல் வேண்டுமா வேண்டாமா என்று வாங்குபவரோடு பேச வேண்டும். பேனலைக் கழற்றக்கூடிய உதிரியாகவே வடிவமைக்க இதனால் தீர்மானித்திருக்கிறார்கள்.

‘வெயிலில் ஓடும் வண்டி’ என்று விளம்பரத்தில் எழுதுவதில்லை என்று முடிவாகியிருக்கிறது. அதற்குப் பதில், இந்த வாரம் வெயிலிலிருந்து எத்தனை கிலோமீட்டர், பிளக்கிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று திரையில் தனித்தனியாகக் காட்டும். ஓட்டுபவர் நிறுத்துமிடத்தைத் தானாக மாற்றிக்கொள்ள எந்த அறிவுரையையும்விட இந்த இரண்டு எண்களே உதவின.

உடலின் எடையில் இன்னும் 30 கிலோ குறைக்க இடம் இருக்கிறது, முக்கியமாகக் கதவுகளிலும் பின்பக்கச் சட்டத்திலும். பிரேக் பேட் உரசலைப் பராமரிப்புப் பட்டியலில் சேர்த்தாகிவிட்டது. கண்ணாடிப் பேனலின் ரப்பர் புஷ்கள் வெயிலில் கெட்டிப்படுவதாகத் தெரிகிறது. சிலிகான் புஷ்களைப் போட்டு ஒரு வண்டியை ஓட்டி வருகிறார்கள், அதன் பதிவுகள் முடிந்த பிறகு மற்ற வண்டிகளுக்கும் மாற்றுவார்கள்.